ஆறு கை ஐயர்

பாக்கியத்தின் அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு குக்கர்.

காத்ர் போர்ன் என்ற ஊரில் அம்மா வேலை பார்த்த ஸ்வெட்டர் தொழிற்சாலையில், வருஷக் கடைசியில் ஒரு குலுக்கல் வைத்தார்கள். மேசையில் பரிசுகளை அடுக்கியிருந்தார்கள். அம்மா வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பளபளப்பான குக்கரை மனசுக்குள்ளேயே வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பில் ஏற்றி, பருப்பையும் வேகவைத்துவிட்டாள்.

சீட்டு எடுத்தார்கள். குக்கர் ஊகெட்டுக்குப் போனது. அம்மாவுக்கு ஒரு கேமரா கிடைத்தது.

ஊகெட் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின்காரி. போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரியும்கூட. ஆக, அந்தக் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அம்மாவின் காதில் விழும்.

"இதுல பருப்பு வேகுமா?" என்று கேட்டபடி அம்மா கேமராப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் பொத்தென்று வைத்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பாக்கியத்தின் வீட்டில் பேசுவது க்ரியோல். மொரிஷியஸில் எல்லோரும் பேசும் மொழி அது. தமிழ் என்பது கோயிலில் இருக்கும், பாட்டுகளில் இருக்கும், பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் இருக்கும். வீட்டுக்கு எப்போதாவதுதான் வரும். அவர்கள் க்ரியோலில் பேசியதைத்தான் உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். ஒன்றிரண்டு சொற்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அதில் ஒன்று செய்த கூத்துதான் இந்தக் கதை.

அப்பா சின்னன் பஸ் டிரைவர். கேமராவைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நான் பஸ்ஸே ஓட்டுறேன். இது என்ன பிரமாதம்?"

பெட்டிக்குள்ளிருந்து கேமரா வெளியே வந்தது. கருப்பாக, கனமாக, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மூக்கோடு இருந்தது. அந்த மூக்குக்குப் பெயர் லென்ஸ். பெட்டியின் மேல் 'எஸ்.எல்.ஆர்.' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு தடிப் புத்தகமும் இருந்தது. அதில் ஜப்பான் மொழி இருந்தது, ஜெர்மன் இருந்தது, ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தன. அப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

லென்ஸை இப்படியும் அப்படியும் திருகினார்.

"என்ன தெரியுது?" என்றாள் பாக்கியம். அவளுக்குப் பத்து வயசு.

"ராத்திரி தெரியுது" என்றார் அப்பா.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "ஆமாம், கும்மிருட்டு. கெட்டுப்போனதை என் தலையில கட்டிட்டாங்க!"

மறுபடி அப்பா கண்ணில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பினார், விளக்கைப் பார்த்தார், எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினார். இருட்டு அசையவில்லை.

பெரியவர்கள் எல்லோரும் கேமராவின் பின்பக்கத்தையே பார்த்தார்கள். பாக்கியம் முன்பக்கம் போய்ப் பார்த்தாள். லென்ஸின் மேல் வட்டமாக ஒரு கருப்பு மூடி இருந்தது. அதைக் கழற்றினாள்.

"ஐயோ! விடிஞ்சிடுச்சு!" என்று கத்தினார் அப்பா.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பிலிம் ரோல் போட்டார். இந்தக் காலம் மாதிரி எடுத்த படத்தை அப்போதே பார்க்க முடியாது. ரோல் முடிந்ததும் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவ வேண்டும். அதுவரை படம் விழுந்ததா, விழவில்லையா என்பது கேமராவுக்குத்தான் தெரியும்.

அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்தார் அப்பா. பிறகு, "பா பூஸே!" என்று கத்தினார்.

க்ரியோலில் 'பா பூஸே' என்றால் 'அசையாதே' என்று அர்த்தம். ஓடுகிற பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கிற குரல் அப்பாவுக்கு. அம்மா மட்டுமா, தெருவில் போன நாய்கூட அசையாமல் நின்றது.

க்ளக்!

"கேமரா கண்ணை மூடிக்கிச்சு!" என்றார் அப்பா திகைப்போடு. "அமுக்கினேன். உடனே உன் அம்மாவைக் காணோம். அப்புறம் திரும்பி வந்துட்டா!"

பாக்கியம் தடிப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் கேமராவின் வயிற்றைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிற ஒரு படம் இருந்தது. உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி. லென்ஸ் வழியாக வருவதை அந்தக் கண்ணாடிதான் நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி துள்ளி மேலே போய், பிலிமுக்கு வழி விடுகிறது. பிறகு பழையபடி கீழே வந்துவிடுகிறது.

"அப்போ, படம் விழற நேரத்துல மட்டும் படம் எடுக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் பாக்கியம்.

"நல்லவேளை, பஸ்ஸை இப்படிச் செய்யலை" என்றார் அப்பா.

அந்தச் செவ்வாய்க்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் ஜம்புநாதன் சார் பாக்கியத்தைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்து தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் அவர். க்ரியோலும் நன்றாகப் பேசுவார். விடுமுறைக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் மெட்ராஸ் போகிறார்.

"உங்க வீட்டுல கேமரா இருக்காமே?"

"இருக்கு சார். அப்பா நாயைக்கூட எடுத்துட்டார்."

"அப்ப நம்ம கோயில் ஐயரையும் ஒரு படம் எடுக்கச் சொல்றியா?"

குருமூர்த்தி ஐயரும் தமிழ்நாட்டுக்காரர்தான். கோயிலுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மனைவியும் அலமு என்ற சின்ன மகளும் ஊரில் இருக்கிறார்கள். அவர் கிளம்பியபோது அலமுவுக்கு இரண்டு வயசு.

"போன லீவுல அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். 'அப்பா எங்கே?'ன்னு அலமுகிட்ட கேட்டேன்" என்றார் சார். "சுவத்துல ஒரு மளிகைக்கடைக் காலண்டர். அதுல பெரிய மீசையோட ஒருத்தர் அரிசி மூட்டையைத் தூக்கிண்டு நிக்கறார். அவரைக் காட்டினா."

"ஐயருக்கு மீசையே கிடையாதே!"

"அதான் ஐயருக்கு வருத்தம். வீட்டுல இருந்த ஒரே படமும் மழையில நனைஞ்சு போச்சு. நான் போகும்போது ஒரு நல்ல படம் கொண்டுபோனா, அலமு தன் அப்பாவைத் தெரிஞ்சுப்பா."

பாக்கியத்துக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்பா இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டாலே அவளுக்கு வீடு வெறிச்சென்று இருக்கும். அப்பாவின் முகமே மறந்துபோனால்?

"கட்டாயம் எடுத்துத் தர்றோம் சார்" என்றாள்.

புதன்கிழமை, அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, அப்பா கேமராவோடு கோயிலுக்குப் போனார். "எப்படி வந்திருக்கும்?" என்று அவள் கேட்டதற்கு, "ஐயரே அசந்துபோவார் பாரு" என்றார்.

வியாழக்கிழமை ஜெரார் ஸ்டூடியோவில் படங்களை வாங்கப் போனார்கள். ஜெரார் உறையை நீட்டினார். அவர் முகம் ஒரு தினுசாக இருந்தது.

"சின்னன், இது யாரு? உங்க கோயில்ல புதுசா ஒரு சாமி வந்திருக்கா?"

படத்தில் ஐயருக்கு ஆறு கை இருந்தது. அடுத்த படத்தில் கையே இல்லை, வெறும் புகை. இன்னொன்றில் தலை இருக்க வேண்டிய இடத்தில் தீபம் ஒரு நெருப்பு வளையமாகச் சுற்றியிருந்தது. எல்லாப் படமும் அப்படித்தான்.

"ஆறுமுகனுக்குப் பூஜை செய்யறவர் ஆறு கையோட இருந்தா என்ன தப்பு?" என்று அப்பா சமாளிக்கப் பார்த்தார். குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

ஜெரார் சொன்னார்: "வெளிச்சம் கம்மியான இடத்துல கேமரா கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்தே வச்சிருக்கும். க்ளக்குன்னு திறக்கும், அப்புறமா க்ளக்குன்னு மூடும். நடுவுல அசைஞ்சா ஆள் புகையாயிடுவார்."

"அசையாம இருக்கத்தானே ஒவ்வொரு படத்துக்கும் 'பா பூஸே'ன்னு கத்தினேன்!"

"அப்புறம் ஐயர் அசைஞ்சாரா, இல்லையா?" என்றாள் பாக்கியம்.

"எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்துலதான் எனக்கு இருட்டாயிடுமே!"

பாக்கியம் படங்களை மறுபடி பார்த்தாள். ஐயருக்குப் பின்னால், சன்னதி வாசலில் கதாயுதத்தோடு நிற்கும் துவாரபாலகர் சிலை தெளிவாக விழுந்திருந்தது. முழித்த கண், தூக்கிய விரல், பல் எல்லாம் அச்சாக இருந்தன. அப்படியானால் கேமரா நல்ல கேமராதான். ஏதோ நடப்பது ஐயரிடம்.

வீட்டில் அம்மா படங்களைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பா இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடவில்லை. கேமரா கிடைத்ததிலிருந்து அவர் இப்படி வாடி உட்கார்ந்து பாக்கியம் பார்த்ததே இல்லை.

"சனிக்கிழமை எனக்கு லீவு. மறுபடி எடுக்கலாம்ப்பா, நானும் கோயிலுக்கு வர்றேன்" என்றாள் பாக்கியம்.

சனிக்கிழமை நல்ல மழை. காத்ர் போர்ன் மழைக்கு நேரம் காலம் கிடையாது. வெளியே வைத்துப் படம் எடுக்க வழியில்லை. மறுநாள் சாருக்கு விமானம். சனிக்கிழமை மாலைக்குள்ளேயே படத்தைக் கழுவித் தருவதாக ஜெரார் வாக்குக் கொடுத்திருந்தார். கேமராவை நிறுத்தி வைக்க முக்காலி ஒன்றும் கொடுத்திருந்தார்.

ஒரே குறை, ரோலில் மூன்று படத்துக்குத்தான் இடம் இருந்தது. மீதி எல்லாவற்றையும் முந்தின நாள் ஊகெட் தன் குக்கரோடு நின்று தீர்த்துவிட்டாள்.

ஐயர் சன்னதி வாசலில் காத்திருந்தார். புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பக்கத்தில் தட்டில் தீபமும் மணியும் பூவும் தயாராக இருந்தன. அவருக்கு க்ரியோல் வராது. அப்பாவுக்குத் தமிழில் 'வணக்கம்', 'அரோகரா' என்ற இரண்டுதான் வரும். இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் அன்பாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அப்பா குனிந்து கண்ணைக் கேமராவில் வைத்தார். பாக்கியம் தூணோரமாகப் போய் நின்றுகொண்டாள். கேமராவுக்கு இருட்டினால் இருட்டட்டும். அவளுடைய இரண்டு கண்ணும் திறந்தே இருக்கும்.

"பா பூஸே!" என்று அப்பா கத்தினார்.

அதுவரை சிலையாக நின்ற ஐயர் சட்டென்று ஒரு கையால் மணியையும் மறு கையால் தீபத்தையும் எடுத்துச் சுற்றத் தொடங்கினார். க்ளக்... க்ளக்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்" என்று நிமிர்ந்தார் அப்பா. ஐயர் அதற்குள் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் பழையபடி நின்றார்.

பாக்கியம் வாயைப் பிளந்தாள். அவள் ஏதாவது சொல்வதற்குள் அப்பா மறுபடி, "பா பூஸே!"

"இதோ, ஆயிடுத்து" என்று முணுமுணுத்தபடி ஐயர் கை நிறையப் பூவை அள்ளி வீசினார். க்ளக்... க்ளக்.

பாக்கியத்துக்கு அப்போது விளங்கிவிட்டது. கோயிலுக்கு வரும் மொரிஷியஸ்காரர்கள் 'பூஜை' என்ற சொல்லை 'பூஸே' என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள். ஜம்புநாதன் சார் அதற்காக அவளை எத்தனை தடவை திருத்தியிருக்கிறார்! அப்பா 'அசையாதே, அசையாதே' என்று கத்தக் கத்த, ஐயருக்கு அது, முருகனைப் பார்த்து 'அப்பா, பூஜை! அப்பா, பூஜை!' என்று கூவுவதாகக் கேட்டிருக்கிறது. இந்த டிரைவருக்குத்தான் எவ்வளவு பக்தி என்று நினைத்து, மனுஷர் ஓயாமல் பூஜை செய்திருக்கிறார்.

அவள் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப தமிழ்ல சொல்லு. 'பா பூஸே'வுக்குத் தமிழ்ல என்ன?"

பாக்கியம் யோசித்தாள். அந்தச் சொல் பாடப் புத்தகத்தில் இன்னும் வரவில்லை. 'ஆடு' என்று ஒரு சொல் வந்திருந்தது. கைகாலை அசைத்து ஆடுவதும் ஆடுதான் என்று சார் சொல்லியிருந்தார். 'இல்லை' என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் சரியாகத்தானே வரவேண்டும்?

"ஐயா," என்றாள் மரியாதையாக. "ஆடு இல்லை!"

ஐயர் திகைத்தார். "ஆடா? எந்த ஆடு?"

"ஆடு... இல்லை, ஐயா! இல்லை!"

"காணாமப் போயிடுத்தா? அடடா, இந்த மழையிலயா?" ஐயர் குடையை விரித்துக்கொண்டு பிராகாரத்துக்கு ஓடினார். "பா... பா..." என்று வாழை மரத்தடியிலெல்லாம் கூப்பிட்டுத் தேடினார். அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேட்டியின் கரை நனைந்திருந்தது. ஆட்டைக் கண்டுபிடிக்க முடியாததற்காக அவர்தான் பாக்கியத்துக்கு ஆறுதல் சொன்னார்.

ஒரே ஒரு படம்தான் பாக்கி. அதுவும் புகையானால் நாளைக்கு ஜம்புநாதன் சார் வெறுங்கையோடு போவார். அலமுவுக்குக் கடைசிவரை மீசைக்காரர்தான் அப்பா. பாக்கியத்துக்கு அழுகை வரும் போல இருந்தது. சொல் தெரியவில்லையே!

அப்போது அவள் கண் வாசலில் நின்ற துவாரபாலகர் மேல் பட்டது. எத்தனை வருஷமாக நிற்கிறார்! ஒரு தரமாவது அசைந்திருப்பாரா?

"ஐயா," என்று சிலையைக் காட்டினாள். பாட்டில் வரும் ஒரு சொல் நல்ல நேரத்தில் நினைவுக்கு வந்தது. "இவர் போல! இவர் போல!"

அதோடு நிற்கவில்லை. தானே ஓடிப்போய்ச் சிலைக்குப் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் நின்று காட்டினாள். ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தது. அப்போதும் அசையவில்லை.

ஐயர் அவளைப் பார்த்தார். சிலையைப் பார்த்தார். "ஓஹோ!" என்றார். அவர் முகத்தில் என்னவோ ஒரு குறும்பு வந்தது. சிலைக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கண்ணையும் எலுமிச்சம்பழம் போல உருட்டி முழித்து, ஒற்றை விரலைத் தூக்கி, அப்படியே உறைந்துவிட்டார்.

'இல்லை, நிற்பது மட்டும்தான் அவர் போல, முழிப்பது வேண்டாம்' என்று சொல்ல பாக்கியத்திடம் அவ்வளவு தமிழ் கிடையாது. அப்பா பழக்கத்தில் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். "பா..."

பிரசாதத் தட்டில் வாழைப்பழம் இருந்தது. பாக்கியம் அதில் ஒன்றை உரித்து அப்பாவின் வாயில் திணித்தாள்.

க்ளக்... க்ளக்.

மாலையில் படம் வந்தது. ஐயர் தெள்ளத் தெளிவாக இருந்தார். இரண்டே கை. விபூதிக் கோடுகளை எண்ணிவிடலாம், இமை முடியைக்கூடப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கண்! அந்த விரல்!

"பிள்ளை பயந்து அலறப்போகுது" என்றார் அப்பா.

"மீசைக்காரரே தேவலைன்னு சொல்லிடும்" என்றாள் அம்மா.

பாக்கியம் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அப்படி நிற்கச் சொன்னது அவள்தானே! வேறு படமும் இல்லை, வேறு நாளும் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அங்கே ஜம்புநாதன் சாரும் இருந்தார். ஐயர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுவே போதும்மா" என்றார்.

சந்தோஷப்படுகிறாரா, மனசு கஷ்டப்படுகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. ஜம்புநாதன் சார் விமானம் ஏறிய பிறகும் அந்தக் கவலை போகவில்லை. விடுமுறை முழுவதும், யாரோ ஒரு சின்னப் பெண் படத்தைப் பார்த்து வீறிட்டு அழுவதாகவே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

சார் திரும்பி வந்த அன்று அவரை எதிர்பார்த்துக் கோயிலில் முதலில் நின்றது ஐயர் இல்லை, பாக்கியம்தான்.

"சார், அலமு படத்தைப் பார்த்தாளா? பயந்துட்டாளா?"

"பயப்படலை."

"அழுதாளா?"

"அதுவும் இல்லை. படத்தையே உத்துப் பார்த்தா. அப்புறம் வாயைத் திறந்தா."

"ஏதாவது சொல்லவா?"

"ஒண்ணும் சொல்லலை. சும்மா 'ஆ'ன்னு திறந்தா, மூடவே இல்லை. எனக்கு ஒண்ணும் புரியலை. அவ அம்மாதான் சிரிச்சுண்டே உள்ளே ஓடிப்போய், பருப்பு சாதம் பிசைஞ்சு கொண்டு வந்தா."

அதற்குள் அங்கே வந்து நின்ற ஐயர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பினூடே அவர் சொன்னதைச் சார்தான் பாக்கியத்துக்கு எடுத்துச் சொன்னார். அலமு சாப்பிட அடம் பிடிக்கும்போதெல்லாம் ஐயர் இப்படித்தான் கண்ணை உருட்டி விரலைத் தூக்குவாராம். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பாளாம். உடனே ஒரு வாய் ஊட்டிவிடுவாராம்.

"அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று குதித்தாள் பாக்கியம்.

"கிண்ணம் காலி. கடைசி வாய் மட்டும் அவ சாப்பிடலை. 'அப்பா ஆ'ன்னு சொல்லி, படத்துல இருக்கற ஐயருக்கு ஊட்டிட்டா. மூக்கெல்லாம் பருப்பு!"

அதைக் கேட்டதும் ஐயர், தம்மை அறியாமலே, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.